டீக்கடையில் நீட்டிய கை

தன் பதிவுக்குச் சாட்சி வைத்தவர்களைத் தேடி இப்படி வீடு வீடாக அலைய வேண்டிவரும் என்று முன்பே தெரிந்திருந்தால் சிந்துஜா அந்தப் பதிவை எழுதாமல் இருந்திருப்பாளா? இருந்திருக்க மாட்டாள். கணவனின் காரியம் முடிந்த மறுநாள் எழுதியது அது. அன்றைக்கு ஆண்டவனே நேரில் வந்து தடுத்திருந்தாலும் அவள் காதில் ஏறியிருக்காது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உடுமலையில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில், குணசேகர் என்கிற ஓய்வுபெற்ற மில் சூப்பர்வைசரின் எதிரே மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக அவளுடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுங்களா? நான் சாட்சி வெச்சனா?"

"உங்க பேர்தானுங்களே இருக்குது."

"பேர் என்னுதுதான். வெச்சது ஞாபகமில்லீங்க." படத்தைப் பெரிதாக்கினார். "ஓ, இந்தாளா! ஆம்புலன்ஸை நிறுத்திப்போட்டு டீ குடிச்சவன். ஆமா ஆமா. பஸ்ஸுல போறப்ப பாத்தேன். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சாட்சின்னு அமுக்கிட்டேன்."

"முழுசாப் படிச்சீங்களா?"

"போட்டாவே இருந்துச்சேங்க. படிக்கறதுக்கு என்ன இருக்குது?"

 சிந்துஜா ஒன்றரை வருடமாக எல்லா வீட்டிலும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுத்தான் அமுக்கினோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர்களை ஒரு கையின் விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

குணசேகரின் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். "ஒரு எழுத்தை அழிக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை மெனக்கெடு? அமுக்கினா அழியாதுங்களா?"

"அழியாதுங்க" என்றாள் சிந்துஜா. "முந்தியெல்லாம் நாம எழுதறது ஏதோ ஒரு கம்பெனியோட மெஷின்ல இருந்துச்சு. அவன் நெனச்சா அழிச்சிருவான். நானே பத்து வருசமா எழுதின வலைப்பூ ஒரே நாள்ல காணாமப் போச்சு. கேக்க ஆளில்ல. கல்வெட்டு வந்தது அதுக்கு அப்புறம்தான். இதுல எழுதறது லட்சக்கணக்கான வீட்டு மெஷின்ல ஒரே நேரத்துல இருக்கும். ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். நடுவுல ஒண்ணை உருவப் பாத்தா மத்ததெல்லாம் காட்டிக்கொடுத்துரும். பிளாக்செயின்னு சொல்வாங்களே, அது. கவர்மென்ட்டே நெனச்சாலும் அழிக்க முடியாது."

"நல்லதுதானுங்களே?"

"நல்லதுதானுங்க" என்றாள் சிந்துஜா. "அழிக்க முடியாது, மூடலாம். அதுக்கு, சாட்சி வெச்ச அத்தனை பேரும் சாட்சியைத் திருப்பி எடுக்கணும். இருந்த இடத்துல இருந்தே எடுக்கலாம்னு விட்டா, காசு இருக்கறவன் மொத்தமா விலைக்கு வாங்கிருவான். அதனால எழுதினவங்களும் சாட்சியும் நேர்ல உக்காந்து, ஒரே போன்ல ரெண்டு பேர் விரலும் வெக்கோணும்."

ஊர் விஷயத்துக்கு அந்தத் தாலுகாக்காரர்கள் மட்டும்தான் சாட்சி வைக்க முடியும் என்பது கல்வெட்டின் விதி. அது ஒன்றுதான் அவள் செய்த புண்ணியம். இல்லாவிட்டால் உலகம் பூராவும் சுற்ற வேண்டியிருந்திருக்கும். குணசேகர் விரலை வைத்தார். அவளும் வைத்தாள். ஒரு பெயர் பட்டியலிலிருந்து உதிர்ந்தது.

"சரி, இத்தனை வருசம் கழிச்சு எதுக்குங்க மூடறீங்க? அந்தாளு எதாச்சும் மெரட்டறானா?" என்று கேட்டார் அவர்.

"அவர் போய்ச் சேந்துட்டாருங்க. அவரோட பொண்ணு கேட்டுச்சு."

கேட்டது மகிழினி. பூபதி என்கிற அந்த டிரைவரின் மகள். ஆம்புலன்ஸ் ஓட்டும் பரீட்சையில் தேறியிருந்தாள். வண்டிகள் தாமாகவே ஓடுகிற காலம்தான். ஆனால் நோயாளி ஏறுகிற வண்டியில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பரீட்சையில் தேறினாலும் உரிமம் கிடைக்கவில்லை. அப்பா பெயரைப் போட்டதும் அந்தக் கல் (கல்வெட்டுப் பதிவை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வந்து நின்றது. ஒருமுறை அல்ல, விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும். "நீங்க மனசு வெச்சாத்தானுங்க முடியும்" என்று அவள் சிந்துஜாவுக்கு எழுதியிருந்தாள்.

சிந்துஜா மனசு வைத்தாள். செய்தவன் போய்விட்டான், பெண் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று நினைத்தாள். நினைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு நிறைவும் இருந்தது. படியேறி, படியிறங்கி, தெரியாதவர்களின் காபியைக் குடித்து, முழங்கால் வலியோடு வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் தான் எவ்வளவு பெரிய மனுஷி என்று தோன்றும். அதில் தப்பில்லை. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

குணசேகருக்குப் பிறகு ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி. அது பூபதியே வைத்தது.

தன்னைத் திட்டி எழுதிய பதிவுக்கு அந்த மனிதர் தானே சாட்சி வைத்திருந்தார். அப்போது அதைப் பார்த்துத்தான் ஊரே கொதித்தது. அவனே ஒத்துக்கொண்டுவிட்டான் பாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிகள் அவருடைய வண்டியைக் கூப்பிடுவதை அதோடு நிறுத்திக்கொண்டன. சிந்துஜாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மனசாட்சி உறுத்தியிருக்கும், ஒத்துக்கொண்டான், அந்த மட்டுக்கும் சரி.

*

மகிழினியின் வீடு தளி ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருந்தது. மத்தியான வெயில் தகரத்தில் இறங்கி அறை கொதித்தது. மேஜைமேல் ஒரு பழைய போன் சார்ஜில் கிடந்தது. பூபதியின் போன். கல்வெட்டில் இறந்தவரின் சாவி வாரிசுக்கு வந்துவிடும். இனி அப்பாவின் விரலுக்குப் பதில் மகளின் விரல்.

"வாங்கம்மா. உக்காருங்க."

இருபத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கடுகடுத்த முகம். ஆம்புலன்ஸை இழந்த பிறகு அவள் அப்பா தேங்காய் லோடு ஆட்டோ ஓட்டினார் என்பதும், சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தார் என்பதும் சிந்துஜாவுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை.

"இதுதான் கடைசி, கண்ணு. உங்கப்பாவுது மட்டும்தான் பாக்கி."

மகிழினி போனை எடுத்தாள். சிந்துஜா வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னாள். "உங்கப்பா மேல எனக்கு இப்ப ஒரு கோவமும் இல்ல கண்ணு. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

மகிழினியின் விரல் நின்றுவிட்டது.

"அந்த வார்த்தை வேண்டாங்க."

"எந்த வார்த்தை?"

"மன்னிச்சேன்னு சொல்றது. கல்லை மூடுங்க, அது போதும். மன்னிக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லீங்க."

சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருடம் கால் தேய நடந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? "ஏன் கண்ணு, வண்டி நின்னது பொய்யா? போட்டாவே இருக்குதே."

"நின்னது நெசந்தான்." மகிழினி சுவரைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பினாள். "அன்னைக்கு போன்ல எங்கப்பாகிட்ட எந்த வீட்டைச் சொன்னீங்க?"

"எங்க வீட்டைத்தான். வேற எதைச் சொல்வேன்? சந்தைக்குப் பின்னால, ரெண்டாவது வீதி, மாடியில தகரக் கொட்டாய் போட்ட..."

அவள் வாய் அப்படியே நின்றது.

சந்தைக்குப் பின்னால் இருந்தது பழைய வீடு. பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீடு. கணவன் யுவராஜுக்கு நெஞ்சு வலி வந்தபோது அவர்கள் பைபாஸ் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பால் காய்ச்சிய அடுப்பின் மஞ்சள்கூட இன்னும் போகவில்லை. அவன் தரையில் கிடக்க, அவள் வாயிலிருந்து பன்னிரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய விலாசம் தானாக வந்தது. இப்போதும் வந்தது.

"எங்கப்பா அங்க போயிருக்காரு" என்றாள் மகிழினி. "புதுசா குடி வந்தவங்க கதவைத் தொறந்து, நாங்க யாரும் கூப்பிடலியேன்னிருக்காங்க. உங்களுக்குப் போன் மேல போன் போட்டாரு. நீங்க எடுக்கலை. வீதி முக்குல டீக்கடைக்காரர்கிட்ட ஓடி, இந்த வீட்டுல இருந்தவங்க எங்க போனாங்கன்னு கேட்டாரு. அந்த நேரம் பாத்து எவனோ போட்டா எடுத்தான்."

சிந்துஜா அந்தப் படத்தைத் திறந்தாள். ஆயிரம் தடவை பார்த்த படம். ஓரத்தில் ஆம்புலன்ஸ், கதவு திறந்தபடி. டீக்கடை முன்னால் பூபதி, ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு. கடைக்காரர் அவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். 'என் கணவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது இந்த டிரைவர் போனில் கதை பேசிக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்' என்று அதன்கீழ் அவள் எழுதியிருந்தாள்.

"அந்தக் கையில டம்ளர் இருக்குதான்னு பாருங்க" என்றாள் மகிழினி.

இல்லை. விரல் நீண்டிருந்தது. கடைக்காரர் டீ கொடுக்கவில்லை. வழி காட்டிக்கொண்டிருந்தார். பூபதி போனில் கதை பேசவில்லை. அவளைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய போன் அன்றைக்குச் சமையல் மேடைமேல் கிடந்தது; அதில் வந்து விழுந்த அழைப்புகளை அவள் பிறகும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் சந்தை இருந்தது என்பதால், வண்டி ஏன் அங்கே நின்றது என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

சிந்துஜா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் கண்ணு சொல்லலை?" என்றாள் சிந்துஜா.  "ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. அந்தம்மாதான் விலாசத்தை மாத்திச் சொல்லுச்சுன்னு."

"எங்கம்மாவும் அதையேதான் கேட்டாங்க. கால்ல விழுந்து கேட்டாங்க." மகிழினி அப்பாவின் போனைப் புரட்டிக்கொண்டே பேசினாள். "'அந்தம்மா புருசனைப் பறிகொடுத்துட்டு நிக்குது. தன் வாயாலதான் லேட்டாச்சுன்னு தெரிஞ்சா எப்படி உசுரோட இருக்கும்? தெரிஞ்சாக்கூடப் பரவால்ல, கல்லுல ஏறிருமே. ஊருல ஒவ்வொருத்தனும் காலாகாலத்துக்கும் படிப்பானே. என்ர பேர் கெட்டா நான் தாங்கிக்குவேன்'னு சொல்லிட்டாரு." போனை மேஜைமேல் வைத்தாள். "நாங்க தாங்குவமான்னு எங்கப்பா கேக்கலீங்க. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்குது."

"அப்புறம் சாட்சி எதுக்கு வெச்சாரு? அதனாலதானே எல்லாரும்..."

"சாட்சி வெச்சவங்கதானுங்களே பதில் எழுத முடியும்? பதில் எழுதறதுக்காக வெச்சாரு. நீங்க அதைப் படிச்சதே இல்லீங்களா?"

படித்ததில்லை. பதிவு போட்ட அன்றே வசவும் ஒப்பாரியுமாகப் பதில்கள் வந்து கொட்டின. தாங்காமல் பதில்களைத் தன் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவைத்தாள். பிறகு திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். எத்தனையோ பேரின் ஆத்திரத்துக்கு நடுவே, இரண்டே வரியில் இருந்தது.

'அம்மா, உங்க வீட்டுக்காரர் போனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன். நான் இன்னும் வேகமா வந்திருக்கணும். பூபதி.'

சிந்துஜா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கணவன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அப்போது கோபிக்க ஒரு ஆள் இருந்தான்.

மகிழினி தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, "மூடிரலாங்க" என்றாள். "உரிமத்துக்கு இந்த வாரம்தான் கடைசி."

"மூடினா இந்தப் பதிலும் போயிருமே கண்ணு."

"போயிருங்க. அப்பா எழுதினதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"படமா எடுத்து வெச்சுக்க."

"கல்லுல இல்லாததை இப்ப யாருங்க நம்பறாங்க? எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் செஞ்சு காட்டலாம்னு ஆயிருச்சு." அவள் போனை நீட்டினாள். "வெய்யுங்க."

இரண்டு விரல்களும் பதிந்தன. பட்டியலின் கடைசிப் பெயர் உதிர்ந்தது. படமும், பழியும், வசவுகளும், அந்த இரண்டு வரியும் சாம்பல் நிறத்துக்குள் இறங்கின. இனி அந்த இடத்தில் வெறும் கல்தான்.

"ஆச்சுங்க. ரொம்ப நன்றி" என்றாள் மகிழினி. அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

சிந்துஜா எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு எழுதப்போறேன் கண்ணு. நடந்ததை நடந்தபடி. அது நிக்கறதுக்கு ஒரு சாட்சியாவது வேணும். மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தராவது வெக்கலைன்னா உதிர்ந்துரும். நீ வெக்கறியா?"

"மாட்டேங்க."

"உங்கப்பா பேருக்காகத்தான்..."

"எங்கப்பா தன் பொழப்பையே கொடுத்து கல்லுல வெட்டாம விட்டதை, என் கையாலயே வெட்டச் சொல்றீங்களா? மூடியாச்சு. யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போங்கம்மா."

*

மூடியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தைகள் சிந்துஜாவின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு வந்தன. உண்மைதான். பழி போட்ட கல் மூடிக்கொண்டது. பழி போட்டவளுடைய தப்பும் அதனடியிலேயே போய்விட்டது. சும்மா இருந்தால் போதும். சாகும்வரை நல்லவளாகவே இருந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினாள். 'அன்று என் கணவருக்கு வண்டி கேட்டபோது, பதற்றத்தில் பழைய வீட்டின் விலாசத்தைச் சொன்னவள் நான்தான். பூபதி அவர்கள் டீ குடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் நான் போட்ட பழி பொய். இது தெரிந்தும் அவர் எனக்காக வாயைத் திறக்கவில்லை.' பதிந்தாள். கீழே சாட்சி இல்லை என்று காட்டியது.

மறுநாள் காலையில் குணசேகருக்கும், அலைந்த அலைச்சலில் பழகிய இன்னும் பலருக்கும் அனுப்பினாள். குணசேகர் உடனே கூப்பிட்டுவிட்டார். "உங்களுக்குத் தங்கமான மனசுங்க. ஆனா எதுக்குங்க இதெல்லாம்? அழியாத விஷயம் பாருங்க, யோசிச்சுத்தானுங்க கை வெக்கோணும்." மற்றவர்களும் அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். ஊரான் பிள்ளைமேல் பழி ஏறும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடி அமுக்கியவர்கள், இப்போது உட்கார்ந்து யோசித்தார்கள். அவள்மேல் உள்ள அக்கறைதான். அதை அவளால் குறை சொல்லவும் முடியவில்லை.

மத்தியானம் பெங்களூரிலிருந்து மகன் பிரணவ் அழைத்தான். குரல் பதறியது.

"அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்க? உன் பேர்ல வர்ற கல்லு என் பேர்லயும் வரும். பாப்பாவுக்கு அடுத்த மாசம் ஸ்கூல் அட்மிஷன். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்டா."

"நல்லவேளை, இன்னும் யாரும் சாட்சி வெக்கலை. நீயா எடுத்துரு. அப்பாவை நீதான் கொன்னேன்னு நீயே எழுதுவியா?"

"வீட்டை மாத்திச் சொன்னேன்னு எழுதியிருக்கேன். நடந்தது அதுதான்."

"வண்டி நேரத்துக்கு வந்திருந்தாலும் கஷ்டம்தான்னு டாக்டரே சொன்னாரேம்மா."

"அது என் மனசுக்குச் சொன்ன ஆறுதல்டா. அந்த மனுசனுக்கு யார் என்ன சொன்னாங்க? அவரோட பொண்ணு இத்தனை வருசம் நம்ம கல்லைச் சுமந்துச்சு. உன் பொண்ணு எதுக்குச் சுமக்கணும்னு நீ கேக்கறது நியாயம்தான். அந்தப் பொண்ணு எதுக்குச் சுமந்துச்சுன்னு யாரும் கேக்கலியே."

 "எப்படியோ போ" என்று பிரணவ் வைத்துவிட்டான். கோபமா அழுகையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. பேத்தியின் முகம் கண்முன் வந்தது. எடுத்துவிடலாமா என்று விரல் ஒருமுறை போனைத் தொட்டது. தொட்ட விரலை மடக்கிக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் தென்னை உச்சிகளுக்கு ஏறியது. பொழுது சாய்ந்தால் தானாக உதிர்ந்துவிடும். யாரும் வைக்கவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்தபோது நெஞ்சின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப்பார்த்தது. அதைக் கண்டு அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

போன் ஒலித்தது. சாட்சி விழுந்திருந்தது. 'மகிழினி பூபதி.'

இந்தத் தடவை அவள் பதில்களை மூடிவைக்கவில்லை. திறந்தாள்.

'அம்மா, உங்க வீட்டுக்காரர் போனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன். நான் இன்னும் வேகமா வந்திருக்கணும். இது எங்கப்பா எழுதினது. இங்கயே இருக்கட்டும்.'